மல்லித் தோட்டத்துக்கு ஆகாதவள்

எங்கள் ஊரில் மல்லிகைச் செடிக்குக் கொடுத்த மரியாதையைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறார்கள். இத்தனை வருஷம் கழிந்தும் அந்தக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நானும் பிரயாசைப்படவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். அப்பாவுக்குக் கிணற்றை ஒட்டி ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக மல்லிகைத் தோட்டம் இருந்தது. விடிகிற நேரத்தில் மடியைக் கட்டிக்கொண்டு இறங்கினால், வெயில் ஏறி மொட்டு வாய் திறப்பதற்குள் பறித்து முடிக்க வேண்டும். கூடையில் ஈரத்துணி போட்டு மூடி, காலை பஸ்ஸில் ஏற்றினால்தான் திண்டுக்கல் பூச்சந்தையில் மதிப்பு. தாமதமானால் வாங்குவதற்கு ஆள் இருக்காது.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தூரமான பெண் அதற்குள் கால் வைக்கக் கூடாது. மாதவிலக்கை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், தூரம் என்று. கால் வைத்தால் இலை பழுக்கும், மொட்டு கருகும், தப்பிப் பூத்தாலும் வாசம் இருக்காது என்பார்கள். கூலிக்குப் பூப்பறிக்க வருகிற பெண்களும் அந்த மூன்று நாள் வரமாட்டார்கள். வேலிப்படல் ஓரமாகக்கூட நடக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆகையால் எந்த வீட்டுப் பெண் எப்போது தூரமானாள் என்பது ஊருக்கே தெரியும். இன்றைக்கு யார் தோட்டத்தில் இல்லை என்று பார்த்தாலே போதும். உடம்புக்குள் நடப்பதை இப்படி வெட்டவெளியில் போட்டுக் காட்டுகிறோமே என்று யாரும் கூசியதாக எனக்கு நினைவில்லை.

என் அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்கள் தோட்டத்தில் அவளைப்போல் பூப்பறிக்க ஆள் கிடையாது. இரண்டு கையும் இரண்டு கொப்பில் ஓடும். நாளைக்கு மலரப்போகிற மொட்டு எது, இன்றைக்குக் கிள்ள வேண்டியது எது என்று அவள் விரலுக்குத் தெரியும். பறித்து முடித்த பிறகும் வீட்டுக்கு வரமாட்டாள். களை பிடுங்குவாள், கவாத்து பண்ணிய குச்சிகளைப் பொறுக்குவாள், ஒன்றும் இல்லாவிட்டால் பாத்தி வரப்பில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அம்மா கூப்பிட்டு அலுத்துப்போய், “அவளுக்கு மாப்ள வேணாம், மல்லிச் செடியவே கட்டிவச்சுருவோம்” என்பாள். அதெல்லாம் அக்காவுக்குப் பதினைந்து வயது ஆகும்வரை. அதன் பிறகு அம்மா அந்தக் கேலியை நிறுத்திவிட்டாள்.

பதினேழு வயதாகியும் அக்கா ஆளாகவில்லை. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்றில் சமைந்துவிடுவார்கள். சமைந்தால்தான் தாவணி. அதுவரை பாவாடை சட்டைதான். அக்காவோ உடம்பெல்லாம் குமரியாக வளர்ந்து நின்றாள், கட்டியிருந்தது குழந்தைகள் போடுகிற பாவாடை சட்டை. தெருவில் நடக்கும்போது பூக்கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பாள். கூடை காலியாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு தாவணியை எடுத்துப் போட்டுக்கொண்டால் என்ன என்று இப்போது கேட்பீர்கள். போட்டுக்கொண்டால், எந்த உரிமையில் போட்டாய் என்று ஊர் கேட்கும்.

அவளைக் குறித்து ஊரில் ஒரு சொல் நடமாடத் தொடங்கியது. இருசி. சமையாத பெண்ணுக்கு எங்கள் ஊர் வைத்த பேர். அதை அம்மா முன்னால் யாரும் சொல்லவில்லை. “மூத்தவளுக்கு இன்னும் குச்சுக் கட்டலையா?” என்று மட்டும் கேட்பார்கள். பெண் சமைந்ததும் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து சின்னக் குடிசை கட்டுவார். பெண் அதில்தான் இருக்க வேண்டும். அதுதான் குச்சு. வத்தலக்குண்டுப் பக்கம் இருந்த எங்கள் மாமா, அம்மாவுக்கு அண்ணன், எப்போது செய்தி வரும் என்று காத்திருந்தார். அவருடைய மகனுக்குத்தான் அக்கா என்று அவள் பிறந்தபோதே பேசிவைத்திருந்தார்கள். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தன் அண்ணன் வீட்டிலும் ஒரு பெண் இருப்பதாக அடிக்கடி சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் நான் சமைந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. தோட்டத்தில் நின்று பறித்துக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. பயந்துபோய் அக்காவிடம்தான் சொன்னேன். அவள் என் பாவாடையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், தன் மடியில் இருந்த பூவைக் கூடையில் கொட்டிவிட்டு என் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனாள். வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “பயப்படாத.”

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் இருக்க இளையவளுக்குக் குச்சுக் கட்டினால், ஊர் மறைவில் பேசிய சொல்லை வாசலில் வந்து சொல்லிவிடும். மாமா வீட்டுச் சம்பந்தமும் அன்றோடு முடிந்துபோகும்.  அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள்.

“ஒம் பாவாடைய அவுத்து அக்காட்ட குடு” என்றாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் விளங்கவில்லை. அம்மா திரும்பவும் சொன்னாள். அக்காவுக்கு விளங்கிவிட்டது. “வேணாம்மா” என்றாள். அம்மா அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெற்ற தாய் மகளைக் கும்பிடுவதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அக்கா என் பாவாடையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அது அவளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் வந்தது. கட்டியவள் மூலையில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். அம்மா கதவைத் திறந்து தெருவுக்குக் குலவையிட்டாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் பொய்க்காரி இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் நடந்ததாகச் சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது. வந்திருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே சொல்லியிருப்பாள். அன்றைக்கு வீட்டில் நடந்தது உண்மை. யாருக்கு நடந்தது என்பதை மட்டும் மாற்றினாள். அது அவளுக்குப் பெரிய பாவமாகத் தெரியவில்லை. வந்த பெண்கள் கறையைப் பார்த்தார்கள், திருப்தியானார்கள். துணி வெளுக்கிற அம்மாள் முறைப்படி அந்தப் பாவாடையை வாங்கிக்கொண்டு மாற்றுத்துணி கொடுத்தாள். மாமா மறுநாளே ஓலையோடு வந்து குச்சுக் கட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அக்கா உள்ளே உட்கார்ந்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் சாப்பிட்டாள். எனக்கு அம்மா ஒரு பழைய துணியைக் கொடுத்து, மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லி, “யார்ட்டயும் மூச்சு விடாத” என்றாள். அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் பூப்பறிக்க வேண்டியிருந்தது. அக்கா குச்சில் இருந்தாள். அவள் பங்கும் என் தலையில். நான் போகாவிட்டால், இளையவள் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அம்மா என்னைத் தோட்டத்துக்கு அனுப்பினாள்.

அந்தப் படலைத் தாண்டி உள்ளே போனது இன்றும் நினைவிருக்கிறது. எல்லாச் செடியும் செத்துவிடும், அப்பா எதனால் என்று தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். செடியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பறித்தேன். நான் தொட்ட கொப்புகளை அடையாளம் வைத்து, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் போய்ப் பார்த்தேன். இலை பழுக்கவில்லை. மொட்டு வழக்கம்போல் வைத்தது. அந்த வாரம் நல்ல வெயில், மொட்டு இன்னும் கூடத்தான் வந்தது. கூலிக்கு வந்த ஒருத்தி, “பிள்ள சமஞ்ச ராசி, தோட்டம் எப்படிப் பூக்குது பாரு” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பறித்தேன்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எனக்குத் தூரம் வரும்போது அம்மாவிடம் ரகசியமாகச் சொல்வேன். அம்மா அக்காவுக்குக் கண்ணைக் காட்டுவாள். அக்கா தட்டு, டம்ளர், பாயை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டத்தை ஒட்டியிருந்த சாய்ப்புக்குப் போய்விடுவாள். சாய்ப்பு என்றால் நாலு கம்பு நட்டு மேலே ஓலை போட்ட இடம். மழை பெய்தால் பாதி நனையும். வயிற்றுவலியோடு நான் தோட்டத்தில் குனிந்து பறிப்பேன். ஒரு வலியும் இல்லாத அக்கா சாய்ப்பில் சுருண்டு படுத்திருப்பாள். எங்கள் வீட்டில் தோட்டத்துக்குள் போகத் தகுதியான ஒரே பெண் அவள்தான், அந்தச் சட்டப்படியே பார்த்தாலும். அவளைத்தான் வெளியே உட்காரவைத்தோம்.

பறித்துவிட்டு நான் திரும்பும்போது தூரத்திலிருந்தே கேட்பாள். “தெக்குப் பாத்தியில பூச்சி விழுந்துச்சே, இப்பத் தேவலையா?”

“தேவல.”

“கிணத்தோரம் புதுசா வச்ச பதியன்?”

“துளிர் விட்டுருக்கு.”

இந்தப் பேச்சைத் தவிர அந்த மூன்று நாளும் அவள் வேறெதுவும் பேசமாட்டாள்.

சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் அதிசயமாகத்தான் இருந்தது. யோசிக்க யோசிக்கத்தான் கோபம் வந்தது. பெண் என்பது உடம்பில் இருப்பது, அது தானாக வரும், வந்த பிறகு அவள் வேறு ஆள் என்று எல்லோரும் சொன்னார்கள். என் உடம்பில் அது வந்தது. நான் தாவணி போடாத சின்னப்பிள்ளையாக, குரங்குபோல் கிணற்றுப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அக்கா உடம்பில் அது வரவில்லை. அவள் தாவணி போட்டு, தலைகுனிந்து நடந்து, மாதம் தவறாமல் ஒதுங்கி உட்கார்ந்தாள். பார்த்தவர்கள் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் அவர்கள் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது எதை? பிற்பாடு வாத்தியாரம்மா ஆன பிறகும் இந்தக் கேள்விக்கு எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை. ஒதுங்குகிற பெண்ணைத்தான் அவர்களுக்குத் தெரியும். பெண்ணின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மாமா வீட்டில் முகூர்த்தம் குறித்தார்கள். அக்கா அம்மாவிடம் போய், “மாமாகிட்டச் சொல்லிருவோம்மா” என்றாள். அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. “சொன்னா என் பொறந்த வீட்டுக் கதவு அடச்சுரும். ஒன் தங்கச்சியையும் எவனும் கட்ட மாட்டான். கல்யாணம் ஆனா எல்லாம் தன்னால சரியாப் போயிரும்டி. எத்தனையோ பேருக்கு ஆயிருக்கு” என்றாள். அம்மா அதை நம்பினாள். கல்யாணம் என்பது ஒரு மருந்து என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், அவளுக்குச் சொன்னவளுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் அக்கா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். கூலியாட்கள் போய்விட்டிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து, “ஏடி, எப்படி இருக்கும் அது?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. “வலி. எந்த எடத்துல வலிக்கும்? அங்க அத்த கேட்டா நான் என்னத்தச் சொல்றது?” என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்தேன். முதல்நாள் அடிவயிறு இழுக்கும், தொடை கடுக்கும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும், உட்கார்ந்து எழும்போது பின்னால் சேலையைத் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் எழுந்து நடந்து காட்டினாள். பாட்டிகள் மாதிரி நடந்தாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டாள். மறுபடியும் நடந்தாள். இந்தத் தடவை அப்படியே நான் நடப்பதுபோல் இருந்தது. “சரியா இருக்கா?” என்று கேட்டாள். “சரியா இருக்கு” என்றேன். அவள் உட்கார்ந்து, பூப்பறித்துக் காம்பு மட்டும் நின்ற ஒரு கொப்பைத் தடவிக்கொண்டே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

அக்கா வாக்கப்பட்டுப் போனாள். ஒரு மாதம் போனதும் அம்மா தெருவுக்கு வந்து குலவையிட்டு, இளையவள் சமைந்துவிட்டாள் என்று அறிவித்தாள். மாமா மறுபடியும் ஓலை வெட்டிக்கொண்டு வந்தார். எனக்கும் களி, தாவணி, ஆரத்தி எல்லாம் நடந்தது. அடுத்த மாதம் முதல் அந்த மூன்று நாள் நான் தோட்டத்துக்குள் போகக்கூடாது என்றார்கள். “போன மாசம் வரைக்கும் போனேனேம்மா” என்றேன். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “வாய மூடு” என்றாள்.

அக்கா அங்கே போன பிறகு கறைத்துணி கொடுக்க நான் இல்லை. தானே அலசிக்கொள்வதாக அத்தையிடம் சொல்லிவிட்டாள். அமாவாசையை அடையாளமாக வைத்துக்கொண்டு மாதாமாதம் ஒதுங்கி உட்கார்ந்தாள். அவளுக்கும் மச்சானுக்கும் நடுவில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அக்கா யாரிடமும் சொன்னதில்லை. மச்சானும் சொல்லவில்லை. அவருக்கு ஏதோ தெரிந்திருக்கும். வாயைத் திறந்தால் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பார்கள் என்று அவர் பயந்திருக்கலாம். ஆண்பிள்ளை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்களே.

நாலு வருஷம் குழந்தை இல்லை. அத்தை அவளைப் பழனிக்குக் கூட்டிப்போனாள், அடிப்பிரதட்சணம் பண்ணவைத்தாள், வேர், பட்டை எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். அப்போது நான் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டு விடுதியில் இருந்தேன். துணைக்கு வரச்சொல்லி ஆள் விட்டார்கள்.

டாக்டரம்மா அக்காவிடம், “கடைசியா எப்ப தூரமான?” என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னாள். “போன அமாவாசைக்கு மறுநாளுங்கம்மா. ஒரு மாசம் தவறுனதில்ல. நல்ல கெட்டியான ஒடம்பு.” அதில் ஒரு பெருமையே இருந்தது.

டாக்டரம்மா அத்தையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அக்காவைச் சோதித்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் இரண்டு பேரிடமும் மெதுவாகச் சொன்னார். அக்காவுக்குப் பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லை. இது நோய் இல்லை, யாருடைய குற்றமும் இல்லை, சில பேர் ஒரு விரல் குறைவாகப் பிறக்கிற மாதிரி. தூரம் என்பது அவளுக்கு ஒருநாளும் வந்திருக்க முடியாது. சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “நான் அவங்ககிட்ட விவரம் சொல்லல. குழந்தை பிறக்காதுன்னு மட்டும் சொல்றேன்” என்றார்.

“வேணாங்கம்மா. நானே சொல்லிக்கிறேன்” என்றாள் அக்கா.

பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருக்கும்போது சொன்னாள். அத்தை கடலை வாங்கி எங்களுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். “அத்தே, எனக்கு ஒரு மாசமும் தூரம் வந்ததில்ல” என்றாள் அக்கா. குச்சு, பாவாடை, சாய்ப்பு எல்லாவற்றையும் சொன்னாள். என்னைக் காட்டி, “வந்தது இவளுக்கு” என்றாள்.

அத்தை திட்டுவாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அடைமழையில கொட்டத்துல நனஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்தியேடி. அதுவும் பொய்யா?” என்றாள்.

“ஒதுங்குனது நெசந்தான் அத்தே” என்றாள் அக்கா.

பஸ் வரும்வரை அத்தை அவள் கையை விடவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது. ஆனால் வீடு போய்ச் சேர்ந்து மாமாவுக்கும் ஊருக்கும் தெரிந்த பிறகு, அத்தையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. சில நாளில், நான் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, மாமா அக்காவைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டார். அம்மா தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. “யாருக்காகக் கட்டுன குச்சு அது? சொல்லு தாயி, நான் ஓல வெட்டிட்டு வந்தது யாருக்கு?” என்று கேட்டார்.  அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அக்கா மடியைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, இனிமேல் நாள் தவறாமல் தோட்டத்தில் இருக்கலாம் என்று நினைத்திருப்பாள்.  அவள் படலைத் திறந்து உள்ளே போனதும் கூலிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்துவிட்டார்கள். இருசி கைபட்ட பூ கோயிலுக்கும் ஆகாது, கல்யாண வீட்டுக்கும் ஆகாது என்றார்கள். சந்தையில் எங்கள் கூடையை இறக்கவிடவில்லை. அத்தனை மாதமும் தூரத்தோடு நான் எங்கே பறித்தேன் என்று மட்டும் ஒருத்தரும் கணக்குப் பார்க்கவில்லை. தூரமான பெண்ணுக்காவது மூன்று நாள் கழிந்தால் கதவு திறக்கும். தூரமே ஆகாத அக்காவுக்கு மாதம் முழுக்கச் சாத்திவிட்டார்கள். அப்பா கிணற்று மேட்டில் குந்தியிருந்தார். “நீ கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரு ஆத்தா” என்றார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் இருக்கிற வீட்டில் தொடுக்கிற பூவும் ஆகாது என்றார்கள். அக்கா கொஞ்சநாள் சாணி தெளித்து, மாடு கழுவிப் பார்த்தாள். பிறகு ஒருநாள் துணியை முடிந்துகொண்டு திண்டுக்கல்லுக்குப் போய், சுருட்டுக்குப் புகையிலை நரம்பு எடுக்கிற ஒரு கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எந்தப் பெண்ணும் எந்த நாளும் ஒதுங்குவதில்லை. ஒதுங்கினால் அன்றைக்குக் கூலி கிடையாது, அவ்வளவுதான் அங்கே தீட்டு. எனக்குப் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது, வாரம் ஒருமுறை போய் அவளைப் பார்த்து வந்தேன். எனக்கும் கல்யாணம் கூடவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அக்கா கதையைக் கேட்டதும் காப்பியை வைத்துவிட்டுப் போனார்கள். அதில் எனக்கு அவ்வளவாக நஷ்டம் இல்லை. அக்காவுக்குத்தான் இருமல் வந்தது. விரலெல்லாம் கறுத்து, எதைத் தொட்டாலும் புகையிலை வாடை அடித்தது.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். ஒரு நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, தூக்குவாளியில் சோறும் வெஞ்சனமும் எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். சுவரோரம் நிழலில் உட்கார்ந்தோம். அக்கா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். அம்மா அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

“ஒரு நா வாய் தவறிச் சொன்ன பொய்யிடி. ஒன்ன நல்லபடியா வாழவைக்கத்தானே சொன்னேன்” என்றாள்.

அக்கா கோபப்படவில்லை. “நீ ஒரு நா சொன்னம்மா. நான் மாசாமாசம் சொன்னேன்” என்றாள். பிறகு, “இருசின்னே விட்டிருக்கலாம். தோட்டத்துலயே கெடந்திருப்பேன்” என்றாள்.

அம்மா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்காகவே காத்திருந்தவள்போல் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். “அதச் சொல்லத்தான் வந்தேன். நீ வந்துரு. அப்பா மல்லியப் பூரா எடுத்துட்டாரு” என்றாள்.

“எந்தப் பாத்திய?”

“தோட்டம் பூராவும். வேரோட புடுங்கி எரிச்சுட்டாரு. கத்திரி நட்டுருக்கு. கத்திரிக்கு ஒரு தீட்டும் கெடையாது, நீ எறங்குனா எவளும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஒனக்காகத்தான் ஆத்தா, ஒருத்தர்ட்டயும் கலக்காம அவராச் செஞ்சாரு.”

அக்காவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “மல்லி என்னம்மா பண்ணுச்சு?” என்றாள்.

அதற்கு மேல் அவளால் சாப்பிட முடியவில்லை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அப்பா அவள்மீது எவ்வளவு பிரியம் வைத்திருந்தார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. கையால் பதியன் போட்டு வளர்த்த செடியைப் பிடுங்கி எரிக்க அவருக்கு மனம் வந்திருக்கிறது. என் மகள் தொட்டால் என்ன என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வேலைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, தூக்குவாளியைக் கழுவி அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவேயில்லை. புகையிலை நெஞ்சைத் தின்று, கிட்டங்கிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த வாடகை வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள்.

கிட்டங்கியில் அவளைப் பார்த்துவிட்டு அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஊரை நெருங்கும்போது, “செடியப் புடுங்கியிருக்க வேணாம்” என்றாள்.

நான் மடியிலிருந்த தூக்குவாளியை இறக்கிக் கீழே வைத்தேன்.

“ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும்டி. ஒன்றரை வருசம் நீ தூரத்தோட பறிச்ச பூவ நாந்தானே சந்தைக்கு அனுப்புனேன். கோயிலுக்குப் போச்சு, கல்யாணத்துக்குப் போச்சு. ஒரு இலை பழுக்கல.”

“தெரிஞ்சுமா சொல்லாம இருந்த? அப்பாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லம்மா?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்டது அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“அத எப்படிடி வெளிய சொல்றது?” என்றாள்.